இரண்டு பக்கமும் செம்பருத்தி

“இந்த ஆளு கடைசியா மூச்சு விட்டது எப்போ மேடம்?” என்று லோகன் காதருகே கேட்டான்.

அமுதவள்ளிக்கும் அதே சந்தேகம்தான். அவர்கள் கடைக்குள் நுழைந்ததிலிருந்து சுகுமாறன் பேசிக்கொண்டே இருந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு வரிசையில் மாலைக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே செருகி வைத்தாற்போல் இருந்தது ‘சுகுமாறன் நாணய மாளிகை’. மாளிகையில் ஒருவர் தும்மினால் மூன்று பேர் முகம் துடைக்க வேண்டும். அந்த இடத்தில் அன்று வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு வரிசை நின்றது. பிஸ்கட் டின், மைலோ டின், தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றிலும் சில்லறை. நாணயம் அடிக்கும் அச்சாலையில் கோணலாகிப் போன இருபது காசு ஒன்று ஆயிரக்கணக்கில் விலை போகிறது என்று எவனோ முகநூலில் சொல்லிவைக்க, கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உண்டியலை உடைத்துவிட்டார்கள். அந்த எவனோ இந்தச் சுகுமாறன்தான். முகநூலில் அவன் பெயர் ‘எரர் ராஜா’. கழுத்தில் பூதக்கண்ணாடி, தாலி மாதிரி தொங்கியது.

செராஸிலிருந்து வந்த ஒருவர் பயபக்தியோடு ஒரு பத்துக் காசை நீட்டினார். ஓரத்தில் பிறை போல ஒரு கடி. சுகுமாறன் கடித்த இடத்தைப் பார்க்கவே இல்லை. நாணயத்தைத் திருப்பி, கடிக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார்த்தான்.

“அங்கிள், தகடு வெட்டும்போது மெஷினே கடிச்சிருந்தா, எதிர்ப்பக்கம் விளிம்பு எழும்பாம மெலிஞ்சு போயிருக்கும். இங்க பாருங்க, கொழுகொழுன்னு இருக்கு. இது மெஷின் கடிச்சதில்ல. உங்க வீட்டு அரம் கடிச்சது.”

வரிசை சிரித்தது. அங்கிள் டின்னை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்து ஒரு அக்காவின் நசுங்கிய நாணயம். லோரி ஏறியது என்று ஒரே பார்வையில் தீர்ப்பு. பிழை அச்சாலைக்குள் நடந்தால்தான் பிழை, வாசலைத் தாண்டிய பிறகு நடந்தால் அது வெறும் அடி என்று அவன் ஊருக்கே பாடம் எடுத்தான். பூ அச்சு நடுவில் விழாமல் ஒதுங்கி விழுந்த நாணயத்துக்கும் ஆண்டு தெரிந்தால்தான் மதிப்பாம். பெயர் தெரியாத மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஓர் உவமை வேறு.

ஆள் தொழில் தெரிந்தவன்தான் என்று அமுதவள்ளி மனத்துக்குள் ஒப்புக்கொண்டாள். தொழில் தெரிந்த அயோக்கியர்கள்தான் அவளுக்கு எப்போதும் அதிக வேலை வைப்பார்கள். பல வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் நஷ்டங்களை மோப்பம் பிடித்து, அந்த மூக்கை மூலதனமாக வைத்து இரண்டு கடை தள்ளி மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். லோகன் அதற்கு முன் தவணை கட்டாத கார்களை இழுத்து வரும் தொழிலில் இருந்தான். வாயும் கையும் அங்கே பழகியவை.

அன்று பகல் அந்த மாடிப்படியேறி வந்தவள் தாமரை. சுகுமாறன் கடையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கும் பெண். அழவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, திங்கட்கிழமை ஒரு வங்கியில் வேலைக்குச் சேரப்போவதாகவும், முதலாளி இன்று தன்னைத் திருடி என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். நாலு மணிக்குள் நாணயம் திரும்பி வராவிட்டால் போலீஸ் ரிப்போர்ட், கூடவே முகநூலில் அவள் படம். திருட்டுப் பேர் விழுந்த பெண்ணை எந்த வங்கி உள்ளே விடும்?

காணாமல் போனது ஓர் ஐம்பது காசு. பழைய வரிசை நாணயம். அதில் ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் வாவ் பட்டம் இருக்க வேண்டும். சுகுமாறனுடையதில் பட்டம் இல்லை. இரண்டு பக்கமும் செம்பருத்தி. அச்சாலையில் தவறிப்போய் இரண்டு பூ அச்சுகளையும் மேலும் கீழும் பூட்டி அடித்துவிட்டார்களாம். கண்ணாடி போன்ற மூடிக்குள் முத்திரை ஒட்டி அடைத்த நாணயம். அம்பாங்கில் லோரி கம்பெனி வைத்திருக்கும் வேலாயுதம் அதை நாற்பதாயிரம் மலேசிய வெள்ளிக்குப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு, நாலு மணிக்கு வாங்க வருகிறார்.

தாமரைக்காக வந்திருப்பதாகச் சொன்னதும் சுகுமாறன் அமுதவள்ளியை ஏற இறங்கப் பார்த்தான். ஆன்டிக்கு நாணயம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டான். பேரம் பேசத் தெரியும் என்றாள் அமுதவள்ளி. பிறகு அவன் நடந்ததைச் சொன்னான். கைமாறப்போகிற பொருள் என்பதால் காலையில் மூடியோடு கொண்டுபோய் லெட்சுமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தானாம். பத்து மணிக்குத் தாமரை வந்தாள். அவன் வெளியே போய்த் திரும்பினால் மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே நாணயம் இல்லை. கடையில் அவளைத் தவிர ஈ, காக்கை இல்லை. கேமரா ரிப்பேர். மனைவி வாணிக்குக் காய்ச்சல், அதனால் அவளும் இன்று கடைப்பக்கமே வரவில்லை.

“கேமராவுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரே நாள்ல உடம்பு சரியில்லாம போச்சா?” என்றான் லோகன்.

அமுதவள்ளி சாமி அலமாரி முன்னால் போய் நின்றாள். கும்பிடுவதுபோல் கைகூப்பிக்கொண்டே பார்த்தாள். பித்தளைத் தட்டில் ஒரு குவியல் சில்லறை, நேற்று அச்சடித்ததுபோல் பளபளவென்று இருந்தது. இருபுறமும் இரண்டு குத்துவிளக்கு. வலது விளக்கு பொன்னாகத் தகதகத்தது. இடது விளக்கில் போன வாரத்து எண்ணெயும் கரியும் அப்படியே இருந்தன.

வெளியே வந்ததும் அங்கே காத்திருந்த தாமரையிடம் கேட்டாள், அந்தக் கடையில் விளக்கு துலக்குவது யார் என்று. வாணியக்காதானாம். வெள்ளிக்கிழமை தவறாமல் முதலாளியோடு காலையிலேயே வந்து, தட்டுக்காசையும் விளக்கையும் புளி போட்டுத் துலக்கி வைப்பாராம். வேறு யாரையும் தொடவிடமாட்டாராம்.

“லோகன், வெள்ளிக்கிழமை காலையில ஒரு பொம்பளை ஒரு விளக்கைத் துலக்கிட்டு, இன்னொன்ன அழுக்கோட விட்டுட்டுப் போவாளா?”

“எங்கம்மா வீடு தீப்பிடிச்சாலும் ரெண்டாவதை முடிச்சிட்டுத்தான் வெளிய வருவாங்க.”

“அப்போ இவளைப் பாதியில எழுப்பி விரட்டியிருக்கான். காய்ச்சல்காரி எங்கே இருப்பா?”

தாமரை யோசிக்கவே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் எது நடந்தாலும் வாணியக்கா போய் நிற்பது கிள்ளான் பக்கம் பண்டமாரானில் தங்கை வீட்டில்தான் என்றாள்.

தாமரையைத் தன் அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டு அமுதவள்ளி கிளம்பினாள். கூட்டரசு நெடுஞ்சாலை வழக்கம்போல் ஊர்ந்தது. வழியெல்லாம் லோகன் டோல் சில்லறை, பார்க்கிங் சில்லறை என்று காரில் கிடந்த ஒவ்வொரு காசையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்றில் மூக்கு மாதிரி ஏதோ தெரிகிறது என்றான். அது உன் விரல் அழுக்கு என்றாள் அமுதவள்ளி. அறிவுள்ளவனையும் இந்தக் கிறுக்கு விடுவதில்லை என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வேலை செய்து சம்பாதித்த ஐம்பது காசை மதிக்காதவன், வேலை கெட்டுப்போன ஐம்பது காசுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறான்.

பண்டமாரானில் கொள்கலன் லோரிகள் போகும் சாலையோரம் அந்த வீடு. கம்பிக்கதவுக்குப் பின்னால் வந்து நின்ற வாணிக்குக் காய்ச்சல் இல்லை. கண்தான் வீங்கியிருந்தது. முதலில் தான் இன்று கடைக்கே போகவில்லை என்றாள். அமுதவள்ளி கம்பி வழியாக அவள் விரல்களைப் பார்த்தாள். புளியின் பழுப்பு நகக்கண்ணில் அப்படியே நின்றது. அதைச் சொன்னதும் வாணி கையை முந்தானைக்குள் மறைத்தாள். திருட்டுப் பழி தாமரை மேல் விழுந்திருக்கிறது என்று சொன்னதும் மறைத்த கை வெளியே வந்து கம்பியைப் பிடித்தது.

“தாமரையையா? அவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அக்கா.”

பிறகு கொட்டிவிட்டாள். புருஷன் அந்த நாணயத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பசியாறப் போனான். தட்டு முழுதும் பளபளக்கப் போகிறது, நடுவில் இது மட்டும் மங்கிப்போய், பிளாஸ்டிக் மூடிக்குள் கிடந்தது. “சாமிக்கு யாராவது மூடி போட்டு வைப்பாங்களா அக்கா? படையலை மூடி வச்சுட்டு சாப்பிடுன்னு சொன்ன மாதிரி இல்ல?” அதனால் கத்தியால் நெம்பித் திறந்தாள். மற்றக் காசுகளோடு சேர்த்துப் புளியில் ஊறப்போட்டாள். ஒரு விளக்கைத் துலக்கி முடித்துவிட்டு, காசுகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவித் தட்டில் அடுக்கினாள். கடைசியாகத்தான் அந்தக் காசைக் கையில் எடுத்தாள்.

அந்த இடத்தில் குரல் இறங்கியது.

“உடைஞ்சு போச்சுக்கா. நாப்பதாயிரம் வெள்ளிக் காசை நான் உடைச்சிட்டேன்.”

“உடைஞ்சுதா? காசு என்ன முறுக்கா, உடையறதுக்கு?”

வாணி விழித்தாள். லோகன் பக்கத்தில் நின்று, தான் ஐம்பது காசைச் சுத்தியலால் அடித்தே பார்த்திருப்பதாகவும், காசுக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைவிரல்தான் உடைந்தது என்றும் தெரிவித்தான்.

எப்படி உடைந்தது என்று அமுதவள்ளி நிதானமாகக் கேட்டு வாங்கினாள். இரண்டு துண்டாக இல்லை. ஊறியதில் ஒரு பக்கத்துப் பூ மட்டும் வட்டமாகக் கழன்று எங்கோ போய்விட்டது. கையில் மிஞ்சியது விளிம்போடு ஒரு குழிந்த கிண்ணம், அதன் அடியில் இன்னொரு பூ. அவ்வளவு கேட்டதும் அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

வித்தை காட்டுகிறவர்கள் செய்யும் வேலை அது. ஒரு நாணயத்தைக் கடைசல் இயந்திரத்தில் குடைந்து கிண்ணமாக்குவார்கள். இன்னொன்றின் விளிம்பைச் சீவி, மெலிய வைத்து, அந்தக் கிண்ணத்துக்குள் பூப் பக்கம் தெரியப் பசை தடவி அழுத்திவிடுவார்கள். மேலே அழுக்கு ஏற்றிவிட்டால் இணைப்பு தெரியாது. கையில் எடுத்துக் கல்லில் போட்டிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் யார் எடுப்பார்கள்? மூடியைத் திறந்தால் விலை போய்விடும் என்பது நாணயம் சேர்க்கிற கூட்டத்தின் வேதம். விற்றவன் திறக்கவில்லை, வாங்கிய எரர் ராஜா திறக்கவில்லை. ஊரார் காசையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், தன் காசைக் கண்ணாடி வழியாகவே கும்பிட்டிருக்கிறான். திறந்த ஒரே ஆள் சாமிக்கு மறைக்கக்கூடாது என்று நினைத்த இந்த வாணி.

“தங்கச்சி, நீ உடைக்கல. அது முன்னாடியே ரெண்டாத்தான் இருந்துச்சு. உன் புருஷனுக்கு அது பார்த்ததுமே புரிஞ்சிருக்கும்.”

ஒரு லோரி போய் முடிந்ததும் வாணி மீதியையும் சொன்னாள். பசியாறிவிட்டு வந்தவன் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே மூச்சு விட்டால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று மிரட்டி, கிராப் கார் பிடித்து ஏற்றிவிட்டானாம். கழன்ற பூ ஸிங்கில் போய்விட்டது என்று குழாயையே கழற்றித் தேடினானாம். கடைக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று அமுதவள்ளி கேட்டாள். முடியாது என்றாள் வாணி. பிள்ளைகள் இருக்கிறார்கள், அவனோடுதான் வாழ வேண்டும் என்றாள். அமுதவள்ளி கெஞ்சவில்லை. வேறொன்று கேட்டாள்.

“புளிச் சக்கையை என்ன பண்ணே?”

“இன்னொரு விளக்கு பாக்கி இருந்துச்சே. பிளாந்தா மார்ஜரின் டின்ல அள்ளி, ஸிங்குக்குக் கீழ வச்சேன்.”

துலக்கும் வேலை பாக்கியிருக்கும்போது எந்தப் பெண்ணும் சக்கையை எறியமாட்டாள். ஸிங்கைக் குடைந்த எந்த ஆணும் அதன் கீழே இருக்கிற சக்கை டின்னைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அமுதவள்ளி காரை நோக்கி நடந்தாள்.

ஷா ஆலம் தாண்டும்போது தாமரை அழைத்தாள். சுகுமாறன் நாலு மணிவரை பொறுக்கவில்லை. அவள் படத்தைப் போட்டு ‘இவளிடம் ஜாக்கிரதை’ என்று எழுதிவிட்டான். அது ஊரெல்லாம் பரவி, வங்கியிலிருந்து கூப்பிட்டு, விளக்கம் கிடைக்கும்வரை திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லும்போது அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

“இனிமே நான் திருடலன்னு நீங்க மட்டும் நம்பி என்ன ஆகப்போகுது மேடம்?”

அது நியாயமான கேள்வி. போலி நாணயம் என்று காதோடு காதாக நிரூபித்தால் போதாது. எந்த வாய் ஊருக்குச் சொன்னதோ அதே வாய் ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைக்கு வந்து நிற்கும்படி தாமரையிடம் சொல்லிவிட்டு, காரை முடுக்கினாள் அமுதவள்ளி.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வேலாயுதம் மாளிகையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து விரலில் ஆறு மோதிரம். சுகுமாறன் சோகமே உருவாக அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தான். இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன், உங்கள் முன்பணம் எங்கேயும் போகாது, இதோ ஸ்டேஷனுக்குத்தான் புறப்படுகிறேன் என்று ஆறுதல் சொன்னான். வாசலில் தாமரை நின்றாள். உள்ளே வரக்கூடாது என்று அவன் சொல்லியிருந்தானாம்.

அமுதவள்ளி யாரையும் கேட்காமல் பின்கட்டுக்குப் போனாள். ஸிங்குக்குக் கீழே இருந்த மஞ்சள் பிளாந்தா டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாடி மேசை மேல் விரித்திருந்த வெல்வெட்டில் அப்படியே கவிழ்த்தாள். நாறிய புளிச் சக்கை பரவியது. சுகுமாறன் ஏதோ சொல்லப் போனான். அதற்குள் அவள் இரண்டு விரலால் துழாவி, மெல்லிய வட்டத் தகடு ஒன்றை எடுத்துத் துடைத்துக் காட்டினாள். ஒரு பக்கம் செம்பருத்தி. மறுபக்கம் ஒன்றுமில்லை, கடைசல் கத்தி சுற்றிச் சுற்றிப் போன கோடுகள்.

“இது உங்க நாணயத்தோட பாதி. மீதி எங்கே சுகுமாறன்?”

அவன் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், போன பிறகுதான் போனது அவனுக்கே தெரிந்தது. லோகன் அந்தக் கையை நட்போடு பிடித்து, பையிலிருந்ததை எடுத்து வைத்தான். குழிந்த கிண்ணம். தகடு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு வேகத்தில் சுகுமாறன் முகத்தை மாற்றிக்கொண்டான். கண் கலங்கக்கூடச் செய்தது. தன்னையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள், தானும் பாதிக்கப்பட்டவன்தான், எரர் உலகத்துக்கே இது துக்க நாள் என்று ஆரம்பித்தான்.

“போலியை வாங்கினது உன் மடத்தனம், அதுக்கு ஜெயில் கிடையாது,” என்றாள் அமுதவள்ளி. “காலையில பசியாறிட்டு வந்தப்பவே இது போலின்னு உனக்குத் தெரியும். பத்து மணிக்கு வந்த பொண்ணைத் திருடின்னு சொன்னது அதுக்கப்புறம், இன்சூரன்ஸ் பணத்துக்காக. ஸ்டேஷனுக்குத்தானே கிளம்பினே? வா, சேர்ந்தே போவோம். டின்னை நான் தூக்கிட்டு வரேன்.”

சுகுமாறன் உட்கார்ந்துவிட்டான்.

இவ்வளவு நேரமும் வேலாயுதம் கிண்ணத்தையும் தகட்டையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது தலை நிமிர்ந்து, மிகவும் சிந்தனையோடு கேட்டார்.

“தம்பி, ரெண்டாப் பிரிஞ்ச அம்பது காசுன்னா, அதுவும் எரர்தானே லா? என்ன விலை வரும்?”

லோகன் காலி டின்னை நிமிர்த்தி மேசை மேல் வைத்தான்.

அமுதவள்ளி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வா என்று அவள் சொல்வதற்கு முன்பே தாமரை வந்துவிட்டாள். மேசையில் கிடந்த முதலாளியின் கைப்பேசியை எடுத்து, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, நேரலையை அமுக்கினாள். இரண்டு வருஷமாக அதைப் பிடித்துக்கொடுத்தவள் அவள்தான்.

சுகுமாறன் பழக்கதோஷத்தில் புன்னகைத்தான். எரர் குடும்பத்துக்கு வணக்கம் சொன்னான். இன்று ஒரு சின்னத் தவறான புரிதல் நடந்துவிட்டது என்றான்.

தாமரை கைப்பேசியை இறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. பார்க்கிறவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

நாணயம் கிடைத்துவிட்டது என்றான். யார்மேலும் தப்பில்லை என்றான். அவள் மறுபடி தலையாட்டினாள். அமுதவள்ளி டின்னை மேசையில் இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அவன் டின்னைப் பார்த்தான். “நாணயம் போலி. என் பையிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சேதான் என் கடைப் பொண்ணைத் திருடின்னு சொன்னேன்.”

“பேரு சொல்லல பாஸ்,” என்றாள் தாமரை.

“தாமரை.”

“ஊர்ல ஆயிரம் தாமரை இருக்காங்க. படத்துக்குக் கீழ முழுப்பேரும் போட்டீங்களே, அதே மாதிரி சொல்லுங்க.”

“கன்னையா மகள் தாமரை. அவ திருடல. நான்தான் பொய் சொன்னேன்.”

அவள் நேரலையை நிறுத்தினாள். அதை அந்த வங்கிக்கு அனுப்பினாள். கைப்பேசியைப் புளிச் சக்கைக்கு நடுவே வைத்துவிட்டு, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கிண்ணத்தை மட்டும் தனியாகத் தரமுடியுமா என்று வேலாயுதம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலைக் கடைக்கு முன்னால் மூவரும் நின்றார்கள். தாமரை தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அது ஒலித்தது. அவள் காதில் வைத்துக் கேட்டாள். ஆமாம், நான்தான் என்று மலாயில் சொன்னாள். மறுபடி கேட்டாள்.

“திங்கக்கிழமையா?” என்றாள், அவளையறியாமல் தமிழிலேயே. “வரேன் மேடம். வரேன்.”